ஏழு எண்ணும் வீடு

அந்த வீட்டிலிருந்து யாரும் சட்டென்று வெளியே போய்விட முடியாது. வாசற்படியைத் தாண்டுவதற்கு முன் நின்று, ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் செருப்பு. பால் வாங்கப் போனாலும் சரி, பரீட்சைக்குப் போனாலும் சரி, இதில் விதிவிலக்கே கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் இவர்கள் ஏழு எண்ணிவிட்டுத்தான் ஓடி வருவார்கள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

வீட்டுப் பெரியவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் விசில் கொடுத்ததும் மற்ற டிரைவர்கள் கியர் போடுவார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். "அவசரப்படாம ஏறுங்க, நம்ம ஆளு இப்பத்தான் மூணுல இருக்காரு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் பஸ்ஸே சிரிக்கும். டிப்போவில் அவருக்கு ஏழு டிரைவர் என்றே பெயர். விசிலை மட்டும் நம்பி வண்டியை எடுக்கக் கூடாது என்று தன் அப்பா சொல்லியிருக்கிறார் என்பார். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த அப்பா, அதாவது தாத்தா, பதினாறு வயதில் கடல் கடந்து தன்னந்தனியாக இந்த ஊருக்கு வந்து இறங்கியவர். சோப்பு ஃபேக்டரியில் கொப்பரைக்கு அடியில் நெருப்பு பார்த்தே காலத்தை ஓட்டினார். முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். சொந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு கடிதம் போட்டதில்லை. யாராவது கதவை அறைந்து சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். வெளியே கிளம்புகிறவர்களை வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தி ஏழு எண்ண வைத்தது அவர்தான். எண்ணாமல் ஓடியதற்கு மகனுக்கு ஒருமுறை விழுந்த அறையில் இரண்டு நாள் காது கேட்கவில்லை.

இந்தக் கதை ஏழு டிரைவருடைய மகளைப் பற்றியது. வயது நாற்பத்தொன்பது. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து பேன்ட் மடித்துத் தைப்பது வரை எதுவும் தட்டமாட்டாள். சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிடும் ஒரே தையல்காரி என்று பெயர் வாங்கியவள். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்று சொல்வதை விட, ஆகவிடவில்லை என்பதுதான் சரி. இருபத்தாறு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. அச்சகத்தில் வேலை பார்ப்பவர், சாந்தமான ஆள், அவளுக்குப் பிடித்தும் இருந்தது. மறுநாளே அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய் "சரிப்படாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்து வந்த இரண்டு சம்பந்தங்களுக்கும் அதே கதி. காரணம் கேட்டு அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

எண்பத்திரண்டாவது வயதில் அப்பா படுத்த படுக்கையானார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. இன்னும் சில வாரங்கள்தான் என்று டாக்டர் அவள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மத்தியானம் கரண்ட் போய் மிஷின் நின்றது. அந்த அமைதியில் உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க தாத்தா கொலைகாரரும்மா."

மாத்திரை வேகத்தில் ஏதோ உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"உளறலம்மா. அவரு சாகும்போது எனக்குப் பத்தொன்பது வயசு. ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்திருந்தாரு, நெருப்பா காய்ச்சல். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மூணு பேரைக் கொன்னுட்டேன்டா, அதுல ஒருத்தன் எங்க அண்ணன்னு சொன்னாரு. திரும்பக் கேக்க எனக்குத் தைரியம் வரல. ரெண்டு நாள்ல போயிட்டாரு."

"இதை இத்தனை வருஷம் யாருகிட்டயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? கூடப் பிறந்தவனையே கொன்ன ரத்தம் நம்ம உடம்புல ஓடுது. உன்னை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பி, நாளைக்கு உன் வயித்துல பொறக்குறது எப்படி இருக்குமோன்னு பயம். அதனாலதான் வந்தவங்களை எல்லாம் வேணாம்னு சொன்னேன்."

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"அப்போ தம்பிக்கு மட்டும் எப்படிக் கல்யாணம் நடந்துச்சு?"

"அவன் என்னைக் கேக்காமக் கட்டிக்கிட்டான்."

இதற்குச் சிரிப்பதா, அழுவதா? எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு நகர்கிற மனுஷர், தன் ரத்தத்தில் கொலை இருக்கிறது என்று நம்பி அறுபத்து மூன்று வருஷம் வாழ்ந்திருக்கிறார். தாத்தா காய்ச்சலில் சொன்ன நாலு வார்த்தைக்கு இவள் ஆயுளைக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. கரண்ட் வந்ததும் உட்கார்ந்து தைத்தாள், தைத்த சட்டையில் கையை உள்புறம் வெளியே வரும்படி வைத்துத் தைத்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்தாள். முப்பது வருஷத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் அப்பா தலைமாட்டில் பூட்டி வைத்திருந்த தகரப் பெட்டியின் சாவியைக் கொடுத்தார். உள்ளே இரண்டே பொருட்கள். ஒன்று, பித்தளை விசில். அதன் வாயில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்திருந்தது. எவ்வளவு ஊதினாலும் காற்றுகூடப் புகாது. இன்னொன்று, தாத்தா கப்பலிலிருந்து இறங்கியபோது துறைமுகத்தில் அவருக்குக் கொடுத்த அட்டை. வயது பதினாறு. உடன் வந்தவர் எவருமில்லை. பிறந்த ஊர் இன்னது. அனுப்பி வைத்தவர் என்ற இடத்தில் அந்த ஊர்க் கல்குவாரிக் கான்ட்ராக்டர் ஒருவருடைய பெயர் இருந்தது.

"கொலை பண்ணிட்டு ஓடி வந்தவனை ஒரு கான்ட்ராக்டர் எதுக்குப்பா கப்பலேத்தி அனுப்பணும்?" என்று கேட்டாள்.

அப்பா அந்த அட்டையை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. பயந்தவன் கண்ணுக்குப் பயம்தான் தெரியும்.

"அவரு ஏன் தனியா வந்தாரு, நெஜமாவே கொன்னாரா, அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுறேன்" என்றார்.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

"சொல்ல முடியாது. சீக்கிரம் வா."

தம்பி மனைவியிடம் மாத்திரை நேரங்களை எழுதிக் கொடுத்தாள். தைத்து முடிக்காத துணிகளை மூட்டை கட்டி வைத்தாள். வாசலில் நின்று, எரிச்சலோடுதான் என்றாலும், ஏழு எண்ணிவிட்டுக் கிளம்பினாள்.

கடலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த அந்த ஊரில் குவாரி இப்போது இல்லை. வெட்டிய பள்ளம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நின்றது. சுற்றிக் கம்பி வேலி, குளிக்காதே என்று ஒரு பலகை. டீக்கடையில் விசாரித்தாள். பழைய குவாரி விஷயம் என்றால் மூணு விரல் வெடிக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். எழுபது வயது இருக்கும் அவருக்கு. முப்பத்தெட்டு வருஷம் வெடி வைத்து ஓய்ந்தவர். இடது கையில் இரண்டு விரல்களைப் பாறைக்குக் கொடுத்திருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் தாத்தாவின் பெயரைச் சொல்லி, விசிலை எடுத்துக் காட்டினாள்.

அவர் விசிலைத் தொடவில்லை.

"இதை ஊதி எங்க தாத்தாவை, கூடப் பிறந்த அண்ணனையே கொன்னவரோட பேத்தியா நீ?"

அவருடைய தாத்தாதான் செத்துப்போன அந்த அண்ணன். அப்படியென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் உறவு முறையில் இவளுக்கும் அண்ணன். இருக்கிறார் என்றே தெரியாத ஓர் அண்ணனை இப்படியா சந்திக்க வேண்டும்!

அவர் சொல்லத் தொடங்கினார். குரலில் கோபம் இல்லை. பலமுறை கேட்டுத் தேய்ந்துபோன கதையைச் சொல்கிற குரல்தான் இருந்தது. குவாரியில் பாறையில் வரிசையாகக் குழி போடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்தை இறக்கித் திரி வைத்துக் கொளுத்திவிட்டு ஓடிப்போய் ஒதுங்குவார்கள். விசில் போடுகிறவன் மேட்டில் நின்று வெடிச் சத்தத்தை எண்ண வேண்டும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்ட பிறகுதான் ஊத வேண்டும். அவன் ஊதினால்தான் கல் அள்ளுகிறவர்கள் பள்ளத்தில் இறங்குவார்கள். அன்றைக்கு விசில் போட்டது தம்பி. இறங்கியவர்களில் முதல் ஆள் அண்ணன்.

"ஏழு குழி. ஏழு வெடி கேட்டிருக்கணும். மலையில மோதி வந்த எதிரொலியையும் ஒண்ணா சேத்து எண்ணிட்டு, ஆறுலயே ஊதிட்டாருன்னு சொல்வாங்க. கடைசி வெடி மூணு பேர் தலைமேல வெடிச்சுது. அப்போ எங்கப்பா எங்க பாட்டி வயித்துல ஆறு மாசம்."

"ஏழா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏழு."

அவளால் அடக்க முடியவில்லை, விம்மி அழுதாள். பால் வாங்கப் போனபோதும் பரீட்சைக்குப் போனபோதும் அவர்கள் வீட்டு வாசலில் எண்ணியது இதைத்தான். எண்ண வேண்டிய இடத்தில் சரியாக எண்ணாமல் விட்டவர், மிச்ச ஆயுள் முழுவதும் பிள்ளைகளை நிறுத்தி வைத்து எண்ணியிருக்கிறார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டரே எங்க வீட்டுக்கு வந்தாராம். திங்கக்கிழமை விசாரணை, பையனைத் தூக்குல போட்டுடுவாங்க, வெள்ளிக்கிழமை கப்பல்ல அனுப்பிடுறேன், லெட்டர் கிட்டர் எதுவும் போடக் கூடாது, போட்டா பிடிச்சுடுவாங்கன்னு சொன்னாராம். ரெண்டு பேரையும் பெத்த தாய்க்கு வேற வழி தெரியல. பெரியவனை மலை தின்னுடுச்சு, சின்னவனைக் கடல் தின்னுடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்து செத்துப்போனாங்களாம். ஆனா கான்ட்ராக்டரைப் பாத்தா மட்டும் கையெடுத்துக் கும்பிடுவாங்களாம். என் புள்ளை உசுரைக் காப்பாத்தின மகராசன்னு."

அவள் கிளம்பும்போது அவர் வாசல் வரை வரவில்லை. அதை அவளும் எதிர்பார்க்கவில்லை.

தங்கியிருந்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யோசித்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது? கொலை இல்லை, கைப்பிசகு என்று சொல்லலாம். மூன்று உயிர் போயிருக்கும்போது அந்தச் சொல் அவரைத் தேற்றுமா என்று தெரியவில்லை. ஆனாலும் அரசாங்கக் காகிதத்தில் விபத்து என்று எழுதியிருந்தால் அவர் நம்புவார், டிரைவர் அல்லவா, எழுதிக் கொடுத்ததை மதிப்பவர். காலையில் ஆவண அறைக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

காலையில் கீழே இறங்கி வந்தால் வெடிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நீ எப்படியும் பழைய காகிதத்தைத் தேடிப் போவேன்னு தெரியும், நானும் வர்றேன். இத்தனை வருஷம் வாயால கேட்டதுதான். எழுத்துல என்ன இருக்குன்னு நானும் பாத்துடுறேன்" என்றார்.

ஆவண அறையில் ஒரே புழுக்கம், ஒரே பூச்சி மருந்து வாடை. அங்கிருந்த எழுத்தர் இவர்களை ஏதோ தன் தூக்கத்தைத் திருட வந்தவர்களைப் போலப் பார்த்தார். மனுவை மூன்று தடவை திருத்தி எழுத வைத்தார். மதியம் தாண்டி, ஒரே கயிற்றால் கட்டிய இரண்டு கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "ஒண்ணுதான் கேட்டீங்க. கயிறு முடிச்சு விழுந்துடுச்சு, பிரிக்க முடியல. அப்படியே பாத்துட்டுக் குடுங்க."

முதல் கட்டில் விசாரணை அறிக்கை இருந்தது. மூன்று பக்கம்தான். இறந்தவர் மூவர். அனுமதி பெற்ற குழிகள் ஏழு. விசில் ஊதிய சிறுவன் தலைமறைவு. வெடிகளைச் சிறுவன் தவறாக எண்ணியதே விபத்துக்குக் காரணம். கீழே கான்ட்ராக்டர், மேஸ்திரி, அதிகாரி மூவரின் கையெழுத்து. அவ்வளவுதான். அவள் படிக்கப் படிக்க வெடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது கட்டு வெடிமருந்துக் கிடங்கின் தினப்பதிவு. அவள் அதை ஒதுக்கி வைக்கப் போனாள். வெடிக்காரர், தொழில்காரரின் பழக்கம் விடாமல், அதை இழுத்து வைத்துக்கொண்டு அந்தத் தேதியைத் தேடினார். மீதியிருந்த மூன்று விரலால் ஒரு வரியைத் தொட்டார். அந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியலம்மா. இதைப் படி."

"கேப்பு, கொடுத்தது எட்டு. திரும்பி வந்தது இல்லை. அப்படின்னு போட்டிருக்கு அண்ணே. கேப்புன்னா?"

"மருந்தை வெடிக்க வைக்கிறது அதுதான். குழிக்கு ஒண்ணு. அது இல்லாம எந்தக் குழியும் வெடிக்காது. மீந்தா அன்னிக்கே கிடங்குல திருப்பிக் குடுத்தாகணும்." அவர் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "எட்டுன்னா இருக்கு? நல்லாப் பாரு."

"எட்டுதான். எழுத்துலயும் எழுதியிருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். வெடி வைத்தவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அனுமதி ஏழு குழிக்கு. கான்ட்ராக்டர் திருட்டுத்தனமாக எட்டாவதாக ஒன்று போடச் சொல்லியிருக்கிறார். வெளியே தெரியக் கூடாது என்று மேட்டில் நின்ற பையனிடம் ஏழு என்றே சொல்லியிருக்கிறார்கள். மருந்து கொடுத்த கிடங்குக்காரன் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறான். பையன் ஏழு வெடியைக் கேட்டான், ஊதினான், மூன்று பேர் இறங்கினார்கள். திரி நீளமான எட்டாவது குழி அப்போதுதான் வெடித்தது. திங்கட்கிழமை விசாரணையில் அவன் நின்று "என்கிட்ட ஏழுன்னுதான் சொன்னாங்க" என்று வாயைத் திறந்திருந்தால், அதிகாரி இந்த நோட்டைக் கேட்டிருப்பார். அதனால் வெள்ளிக்கிழமை கப்பல்.

இரண்டு கட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே கயிற்றில் கிடந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஒரு நாதியில்லை.

"அந்தப் பள்ளத்துல எதிரொலியே கிடையாதும்மா" என்றார் வெடிக்காரர் திடீரென்று. "மூணு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் திறந்தவெளி. முப்பத்தெட்டு வருஷம் அங்கதான் வெடி வச்சேன். ஒரு நாள்கூட ஒரு சத்தம் ரெண்டா கேட்டதில்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் வீட்டுல சொன்னதையே நம்பிக்கிட்டிருந்தேன். எங்கப்பா உங்க தாத்தாவைச் சபிச்சுக்கிட்டே செத்தாரு. நானும் சபிச்சிருக்கேன்." விசிலை அப்போதுதான் கையில் வாங்கினார். அடைத்திருந்த ஈயத்தைக் கட்டைவிரலால் தடவினார். "பதினாறு வயசுப் புள்ளைம்மா. அண்ணன் செத்ததுக்கு அழக்கூட விடாம அனுப்பிட்டானுங்க."

எழுத்தர் எட்டிப் பார்த்து, அழுவதாக இருந்தால் வெளியே போய் அழச் சொன்னார். அவள் அவரை முறைத்த முறைப்பில் வேண்டிய பக்கங்களைத் தானே கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தார்.

அவள் வீடு திரும்பியபோது அப்பா இருந்தார். முகம் இன்னும் வற்றியிருந்தது, கண்ணில் மட்டும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். விசில் வேலை என்றால் என்ன என்று சொன்னாள். அண்ணன் செத்ததைச் சொன்னாள். கேப்பு, ஏழு, எட்டு, வெள்ளிக்கிழமைக் கப்பல், எல்லாம் சொன்னாள். ஜெராக்ஸ் காகிதங்களை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"தாத்தா கொலைகாரர் இல்லப்பா. தப்புக்கூடப் பண்ணல. சரியாத்தான் எண்ணியிருக்காரு."

அப்பாவின் உதடு அசைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எண்ணும்போது அசைவதைப் போலவே இருந்தது. பிறகு கேட்டார்.

"இது அவருக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். செத்துக்கொண்டிருப்பவரிடம் சொல்லும் ஒரு சின்னப் பொய்யை யார் தவறென்று சொல்லப்போகிறார்கள்? ஆனால் சொல்லாமல் மறைத்ததில் இந்தக் குடும்பம் பட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரியாதுப்பா. கடைசி வரைக்கும் தெரியாது."

அவர் அழுதார். சத்தம் வராத அழுகை, காதுக்குள் கண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை நான்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முடிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அதுதான் உண்மை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்த அந்த மனிதர் இப்போது எங்கே இருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தாள், பிறகு மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தாள்.

ஆறாம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். தெருவே வந்தது, டிப்போவிலிருந்து பழைய கண்டக்டர்கள் வந்தார்கள். தூக்குகிற நேரம் வந்ததும் தம்பியும் மற்ற மூவரும் தோள் கொடுத்தார்கள். முன்னறையில் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாசல் வரை கொண்டுவந்தார்கள். படியருகே வந்ததும் தம்பியின் கால் தானாக நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

அவள் முன்னால் வந்து வாசலில் கையைக் குறுக்கே நீட்டினாள். ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினாள். ஏழு வந்ததும் தம்பி காலை எடுத்து வைக்கப் போனான்.

"இருடா" என்றாள். "எட்டு."

பிறகு கையை எடுத்து வழிவிட்டாள்.